அக்கா பக்கத்துச் சுவர்

1

போன மாதத்தோடு நான் பேர்கனுக்கு வந்து பத்து வருடம். அன்றைக்குக் கேக் வெட்டவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. மூக்கையும் வாயையும் மூடிய தூசிக் கவசத்தோடு, கையில் அரத்தாளை வைத்துக்கொண்டு எங்கள் வரவேற்பறைச் சுவரைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நோர்வேயில் பழைய வீடுகளின் உட்சுவர் சீமெந்து இல்லை, முழுக்கப் பலகை. நிலத்திலிருந்து முகடு வரைக்கும் பைன் பலகைகளை ஒன்றோடொன்று கோர்த்து அடித்திருப்பார்கள். அடித்த புதிதில் வெண்ணெய் நிறமாக இருக்கும். வருடம் போகப் போக மஞ்சளாகும், பிறகு செம்மஞ்சளாகும். எங்கள் கைக்கு அந்த வீடு வந்தபோது சுவர் கருவாட்டுத் துண்டின் நிறத்தில் நின்றது. ஒரு காலத்தில் அதுதான் வசதியான வீட்டுக்கு அடையாளமாம். இப்போது பலகையைப் பிடுங்கி எறிகிறார்கள், அல்லது எங்களைப்போல வெள்ளை அடிக்கிறார்கள்.

வெள்ளை அடிக்கச் சொன்னது என் மனைவி யசோ. வீடு வாங்கிய முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"இஞ்சருங்கோ, இதுக்குள்ள நிண்டா பிளேன்டீக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு. எனக்குச் சுவர் வெள்ளையா வேணும்."

யசோ வெள்ளவத்தைக்காரி. ஐந்தாம் மாடி, கடல் காற்று, வருடத்துக்கு ஒருமுறை சுவருக்கு வெள்ளை. நான் கொட்டாஞ்சேனை. இரண்டும் கொழும்புதான், நடுவில் ஒரு பத்துக் கிலோமீற்றர் இருக்கும், புறக்கோட்டையில் பஸ் மாறினால் போதும். ஆனால் எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது அவள் வீட்டார் கொட்டாஞ்சேனையைப் பற்றி ஏதோ வெளிநாட்டைப் பற்றி விசாரிப்பதுபோலத்தான் விசாரித்தார்கள்.

நான் தேய்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் அக்காவின் குரல்பதிவு வந்தது.

"தம்பி, அந்தக் கடிதம் என்னாச்சு? கந்தோரில திரும்பவும் கேட்டவங்க. மட்டக்குளிப் பாஸ் அடுத்த மாசம் கட்டார் போறாராம், அதுக்குள்ள எண்டா கட்டித் தாறன் எண்டு சொல்றார். ரொஷானிக்கு நேத்தும் இழுப்பு. நீ கையெழுத்து வைப்பியா மாட்டியா? ஒண்டு சொல்லு."

கொழும்பில் மேசனைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். ரொஷானி அக்காவின் ஒரே மகள், பதினாறு வயது. கடிதம், எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டின் நடுவில் நிற்கிற கறையான் அரித்த பலகைச் சுவரை இடித்து, கல் வைத்துக் கட்டி, பின்னறைக்கு ஒரு ஜன்னல் திறப்பதற்கு மாநகரசபை அலுவலகத்துக்கு வீட்டுச் சொந்தக்காரன் கொடுக்கவேண்டிய சம்மதம். வீடு என் பெயரில் இருக்கிறது. அக்கா அங்கே பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அப்பாவையும் அம்மாவையும் அங்கிருந்தே அடக்கம் செய்தவள். ஆனால் அங்கே ஒரு பலகையைக் கழற்றுவதற்கு என்னுடைய கையெழுத்து வேண்டும்.

மூன்று மாதமாக நான் அதை வைக்கவில்லை.

2

எங்கள் வீடு இருந்தது ஒரு தோட்டத்தில். கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி தேடக்கூடாது. ஒரு முடுக்கு, அதன் இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஒட்டிய வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் இன்னொரு ஒடுக்கமான முடுக்கு, நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். எங்கள் வீடு ஒரே அறை. முன்பக்கம் ஒரு கதவும் ஒரு ஜன்னலும். பின்பக்கம் அடுப்பு.

நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை பாஸ் பண்ணியபோது அப்பா அந்த அறையை இரண்டாக்கினார். அவர் பெயர் சூசை. புறக்கோட்டையில் மெஷின் இறக்குமதி செய்கிற ஒரு கடையில் நாட்டாமி, அதாவது சாமான் ஏற்றி இறக்குகிறவர். மெஷின்கள் பெரிய பலகைப் பெட்டிகளில் வரும். கடை முதலாளியான ஹாஜியாரிடம் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

"மகன் பாஸ் பண்ணிட்டானாமே சூசை? அப்ப பலகய எடுத்துட்டுப் போங்களேன். என்னத்துக்குக் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க?"

தள்ளுவண்டியில் பலகை வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. சுவர் எழும்பியது. முன்பாதி ஜன்னலோடு எனக்கு, படிக்க. இரவில் அப்பாவும் அங்கேதான் படுப்பார். பின்பாதி அடுப்போடு அம்மாவுக்கும் அக்காவுக்கும். பிலோ அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். அவளும் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் போனவள்தான். பிறகு அம்மாவுக்கு உதவிக்கு நின்றுவிட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பையும் கண்ட முதல் ஆள் நான்.

பெட்டிப் பலகைகளில் கறுப்பு மையால் ஆங்கில எழுத்துகள் இருந்தன. துறைமுகங்களின் பெயர்கள், எடை, குடைப் படம், உடையும் சாமான் என்பதற்குக் கிண்ணப் படம். அப்பாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் எழுத்து இருக்கிற பக்கத்தையெல்லாம் கவனமாக என் பக்கம் திருப்பித்தான் அடித்தார்.

"எழுத்து படிக்கிறவனுக்கு. அங்கால அடுப்படிக்கு எழுத்து என்னத்துக்கு?"

பாதிப் பலகை தலைகீழாக நின்றது. 'இந்தப் பக்கம் மேலே' என்ற வசனம் கவிழ்ந்து, அதன் அம்புக்குறி நிலத்தைக் காட்டியது. நான் சிரித்துக்கொண்டு சொன்னேன்.

"அப்பா, எழுத்து தலைகீழா நிக்குது."

"அப்ப நீயும் தலைகீழா நிண்டு படி. படிச்ச ஆளுக்கு எப்பிடி நிண்டாலும் ஒண்டுதானே."

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, எல்லா வீட்டிலும் வெள்ளை அடிப்பார்கள். நாங்கள் பலகைக்கு வெள்ளை அடிக்கவில்லை. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, ஹாஜியார் கடையில் கிடைத்த வழவழப்பான சஞ்சிகைத் தாள்களை ஒட்டுவோம். நல்ல எழுத்துகளை மறைக்காமல் இடம் விட்டு ஒட்டுவேன். உலக வரைபடம் ஒன்றும் ஒட்டியிருந்தேன். வேதியியல் சமன்பாடுகளைப் பென்சிலால் பலகையிலேயே எழுதி வைத்திருந்தேன். காலையில் ஜன்னல் வெயில் அதில் விழும்போது பலகையிலிருந்து ஒரு மரவாசனை வரும். பல்கலைக்கழகம் போகும் வரைக்கும் அந்த வாசனையில்தான் படித்தேன்.

இங்கே பைன் சுவரைத் தேய்க்கும்போது வந்ததும் ஏறக்குறைய அதே வாசனைதான். அதனால்தான் அன்று அக்காவுக்குப் பதில் போடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

3

மரச்சுவருக்கு வெள்ளை அடிப்பது சும்மா வேலை இல்லை. அமோனியா கலந்த தண்ணியால் கழுவவேண்டும். தேய்க்கவேண்டும். அடிப்பூச்சு, பிறகு மேல்பூச்சு இரண்டு தரம். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். இரண்டாம் பூச்சு காய்ந்து மறுநாள் பார்த்தால், வெள்ளைச் சுவர் முழுக்க மஞ்சள் வட்டங்கள். பலகையின் கணுக்களிலிருந்து பிசின் கசிந்து பெயின்றைத் தாண்டி வந்திருந்தது.

பெயின்ற் கடைக்குப் போனேன். கணுவுக்கு நோர்வே மொழியில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. பத்து வருடத்தில் அந்தச் சொல் தேவைப்படவில்லை. "என் சுவரில் கண்கள் இருக்கின்றன, அவை வெள்ளையை விட்டு வெளியே பார்க்கின்றன" என்று சொன்னேன். கடைக்காரப் பெண் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டி, "இதுவா?" என்றாள். கணுவை மூடுவதற்கென்றே ஒரு பூச்சு இருக்கிறதாம். முதலில் அதை அடித்திருக்கவேண்டுமாம். "எல்லாரும் இதைத்தான் மறக்கிறவர்கள்" என்று ஆறுதலும் சொன்னாள்.

திரும்ப முதலிலிருந்து. மகள் அனித்தா ஏணிக்குக் கீழே இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. தமிழில் கேட்டால் நோர்வே மொழியில் பதில் வரும். 'அப்பா, பசிக்குது' மட்டும் சுத்தமான தமிழ். அவளுக்கு நான் கொட்டாஞ்சேனைச் சுவரைப் பற்றி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். தன் அப்பா ஆங்கிலம் படித்தது ஒரு சுவரில் என்று அவள் வகுப்பில் போய்ச் சொல்ல, ரீச்சர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டார். அன்று அவள் கீறிய வீடு சிவப்புப் பலகை வீடு, கூரையில் பனி. யாருடைய வீடு என்று கேட்டேன். "அப்பாவின்ட கொலம்போ வீடு" என்று அரைத் தமிழில் சொன்னாள்.

இதுதான் நான் கையெழுத்து வைக்காததற்குக் காரணம். இரண்டு வருடத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், இதுதான் அப்பா படித்த சுவர், தொட்டுப் பார் என்று காட்டவேண்டும் என்று நினைத்திருந்தேன். அதுவும் போய்விட்டால் அவளுக்குக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது?

அக்காவிடம் அதை நேராகச் சொல்லவில்லை. யோசனைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கறையான் எண்ணெய் அடியுங்கோ. அரித்த அடிப்பக்கத்தை மட்டும் வெட்டிப் புதுப் பலகை போடுங்கோ. ஒரு பக்கம் பிளைவூட் அடித்தால் தூள் கொட்டாது. வீடியோக்கள் வேறு தேடி அனுப்பினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொல்வாள்.

"தம்பி, பிளைவூட்டுக்கும் கறையானுக்கும் நீ அங்க இருந்து கதைச்சுப் பேசி ஒரு முடிவுக்கு வா. இங்க பிள்ள மூச்சு விட ஏலாமல் எழும்பி இருக்குது."

பின்னறையில் இப்போது படுப்பது ரொஷானி. சுவரின் ஓரமாகத்தான் கட்டில். காலையில் தலையணையில் மாவுபோலத் தூள் கிடக்குமாம். டொக்டர் அந்தத் தூள்தான் காரணம், முதலில் அதை அகற்றுங்கள் என்று சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வீடியோ அனுப்பினேன்.

யசோவுக்குப் பொறுக்கவில்லை. அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நீங்கள் இங்க உங்கட பலகைக்கு வெள்ளை அடிக்கலாம். அதுக்கு ஆரிட்டையும் கடிதம் கேட்டனீங்களோ? மச்சாள் மட்டும் அங்க உங்களுக்கு மியூசியம் காக்கோணும், என்ன?"

"அப்பிடி இல்ல யசோ."

"வேற எப்பிடி? மியூசியம் எண்டாலும் காவலாளிக்குச் சம்பளம் குடுப்பினம்."

நான் ஏணியில் ஏறிக் கணுக்களை மூடத் தொடங்கினேன்.

4

ஒருவாறு மனதைத் தேற்றிக்கொண்டேன். சரி, இடிக்கட்டும். இடிக்க முதல் ஒரு நல்ல படமாவது எடுத்து, பெரிதாக அச்சடித்து, இங்கே வெள்ளைச் சுவரில் மாட்டுவோம். ரொஷானிக்கு மெசேஜ் போட்டேன்: சுவர் முழுக்கத் தெரிகிற மாதிரி வடிவாக ஒரு படம் எடுத்து அனுப்பு.

படம் வந்தது. வெறும் பலகை. புகை ஏறிக் கறுத்த பலகை. எழுத்து இல்லை, தாள் இல்லை, வரைபடம் இல்லை. வரிசை வரிசையாகக் கடலைப் பருப்பு அளவில் அழுக்கு மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. உடனே அழைத்தேன்.

"மகள், இது எந்தச் சுவர்? பக்கத்து வீட்டுக்காரரின்டயா? எங்கட சுவரை எடுங்கோ."

"மாமா, இதுதான் சுவர்."

"இதில எழுத்து ஒண்டும் இல்லையே."

அக்கா போனை வாங்கினாள். "என்னடா?"

"பிள்ள வேற எதையோ எடுத்து அனுப்பியிருக்கு அக்கா."

"வேற என்னத்த எடுக்கிற? வீட்டில இருக்கிறதே ஒரு பலகைச் சுவர். இது என்ட பக்கம். எழுத்தெல்லாம் உன்ட பக்கம். அவ கட்டில்ல இருந்து எடுத்திருக்கிறா."

"அந்த மஞ்சளா ஒட்டியிருக்கிறது என்ன?"

"மெழுகு."

"என்ன மெழுகு?"

"என்ன மெழுகோ! மெழுகுதிரி மெழுகுதான். ஆணி முனைக்கு வைச்சது. அப்பா உன்ட பக்கம் நிண்டுதானே ஆணி அடிச்சவர். நீட்டு ஆணி, பலகையையும் சட்டத்தையும் தாண்டி இங்கால வந்துட்டு. நாலஞ்ச மடக்கி அடிச்சார். மிச்சத்தப் பிறகு பாப்பம் எண்டார். பாத்தாரா? ராத்திரி புரண்டா முடி போய் மாட்டும். ஒருக்காத் தோள் கிழிஞ்சு சட்டையெல்லாம் ரத்தம். அதுக்குப் பிறகு கோயில்ல எரிஞ்சு முடிஞ்ச துண்டுகளப் பொறுக்கிக்கொண்டு வந்து, உருட்டி உருட்டி ஒவ்வொரு முனையிலயும் வைச்சன். அடுப்புச் சூட்டுக்கு உருகி விழும். திரும்ப வைப்பன். ரொஷானியும் வைக்கிறா. சின்னனில அவவுக்கு அது விளையாட்டு."

நான் ஒரு மடத்தனமான கேள்வி கேட்டேன்.

"எனக்கு ஏன் அக்கா சொல்லேல்ல?"

"சொல்லி? நீ படிச்சுக்கொண்டு இருப்பாய். இங்கால ஒரு கோப்பை விழுந்தாலே அம்மா 'ஸ்ஸ், தம்பி படிக்கிறான்' எண்டுவா. இதில நான் போய் ஆணியப் பற்றிக் கதைக்கிறதோ?" அக்கா சிரித்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அது சரி, அத்தன வருசம் இருந்தாய், இங்கால ஒரு நாளாவது திரும்பிப் பாத்தனியா நீ?"

போயிருக்கிறேன். சோறு எடுக்க, தண்ணி குடிக்க நூறு ஆயிரம் தரம் அந்தப் பக்கம் போயிருக்கிறேன். அங்கே ஜன்னல் இல்லை. கொடியில் எப்போதும் உடுப்புத் தொங்கும். வீட்டுக்கு இருந்த ஒரே பல்ப் என் பக்கம் தொங்கியது. அந்தப் பக்கத்துக்கு வந்த வெளிச்சம் பலகை இடுக்கால் என் பக்கத்திலிருந்து போனது மட்டும்தான். போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு திரும்பி வருவேன். சுவர் என்றால் எனக்கு என் பக்கம்தான். அதற்கு முதுகு ஒன்று இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

தொலைபேசியை வைத்த பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெழுகு உருண்டைகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். சிலதில் சின்ன விரல் அடையாளம் தெரிந்தது.

5

அன்றைக்கே சம்மதக் கடிதம் எழுதினேன். எழுதி யசோவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, கடிதத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"ஏன், சரியில்லையோ?"

"சரிதான். இண்டைக்குச் சுவருக்குக் கடிதம். நாளைக்குக் கூரை ஒழுகினா? ரொஷானிக்குக் கல்யாணம் வந்து முன்னுக்கு ஒரு பந்தல் போடோணும் எண்டா? ஒவ்வொண்டுக்கும் மச்சாள் உங்களுக்கு மெசேஜ் போட்டுட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

வீடு ஏன் என் பெயரில் வந்தது என்பதை அப்போதுதான் யோசித்தேன். தோட்டத்து ஆட்களுக்கு அரசாங்கம் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்த காலத்தில், அப்பா கைநாட்டு வைக்க வெட்கப்பட்டார். "தம்பி இங்கிலீசில கையெழுத்து வைப்பான். அவன்ட பேரில போடுங்க" என்றார். அக்கா அழகாகத் தமிழில் கையெழுத்து வைப்பாள். ஆனால் அவள் 'கட்டிப் போகிறவள்'. கட்டியும் அவள் எங்கேயும் போகவில்லை. வீட்டை விட்டுப் போனது நான்.

ஒஸ்லோவில் இருக்கிற எங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போக பேர்கனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். மலை உச்சியில் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. என் மடியில் சம்மதக் கடிதம் இல்லை, அதற்குப் பதிலாக இன்னொரு பத்திரம். அதை அற்றோனித் தத்துவம் என்பார்கள். என் சார்பில் கொழும்பில் உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசு முன்னால் அத்தான் கையெழுத்து வைத்து, வீட்டை அக்காவின் பெயருக்கு நன்கொடையாக எழுதலாம். அத்தான், அக்காவின் கணவர், தெமட்டகொடையில் ரயில் பெட்டி கழுவுகிறவர். விஷயத்தைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "உனக்கு உடம்புக்கு ஒண்டும் இல்லையே மச்சான்?" என்றுதான்.

கவுண்டரில் இருந்தவர் வயதான சிங்கள ஐயா. விலாசத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, என்னை மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிட்டு, கொட்டாஞ்சேனையில் எந்த இடம் என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். அவருடைய அம்மா செவ்வாய்க்கிழமைகளில் அவரையும் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்கு வருவாராம். புத்த சமயத்தவர்தான், ஆனால் ஒரு நேர்த்திக்கடனாம். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தத் தெருவில் விற்ற வடையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரத்தைக் கடைசி வரைக்கும் வாசித்தார்.

"நன்கொடை என்று போட்டிருக்கிறது. பிறகு மனம் மாறினால் திரும்ப எடுக்கிறது கஷ்டம். தெரியும்தானே?"

தெரியும் என்று சிங்களத்தில் சொல்ல வாயெடுத்தேன். வந்தது நோர்வே மொழி 'யா'. பத்து வருடத்தில் என் சிங்களத்துக்குள் அதுவும் புகுந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டார்.

"அப்படியென்றால் இங்கே வைக்கவும். இங்கேயும்."

அப்பா பெருமைப்பட்ட அந்த ஆங்கிலக் கையெழுத்தை நான் வைத்தேன்.

6

உறுதி அக்காவின் பெயருக்கு மாறி, கந்தோர்க் கடிதத்தில் அவளே கையெழுத்து வைத்து, பாஸ் கட்டார் போவதற்குப் பத்து நாள் இருக்கும்போது வேலை தொடங்கியது. பலகைகளைக் கழற்றுவதற்கு முதல் நாள் அக்கா அழைத்தாள்.

"தம்பி, எழுத்து இருக்கிற பலகை ஒண்ட எடுத்து வைக்கட்டா? உன்ட மகளுக்குக் காட்டோணும் எண்டு யசோ சொன்னா."

ஆசை வந்தது. பொய் சொல்லவில்லை, மிகவும் ஆசையாக இருந்தது. எந்தப் பலகை என்றுகூட மனதில் தெரிவு செய்துவிட்டேன்.

"வேண்டாம் அக்கா. உள்ளுக்குக் கறையான் இருக்கும். வீட்டில வைச்சா ரொஷானிக்குத் திரும்ப இழுப்பு வரும். எல்லாத்தையும் எரிச்சிடுங்கோ."

"ஓம், அதுவும் சரிதான். என்ட பக்கத்தில மெழுகு இருக்கு, நல்லா எரியும்."

இங்கே எங்கள் சுவர் முடிந்துவிட்டது. வெள்ளை நன்றாகத்தான் இருக்கிறது. மழை நாளில்கூட அறை வெளிச்சமாக இருக்கிறது. யசோ வருகிற ஆட்களிடமெல்லாம் தான் அடித்ததுபோலச் சொல்லிக்கொள்கிறாள். அந்த வாசனை போய்விட்டது. அனித்தாவுக்கு மெழுகு வைத்த கதையையும் சொன்னேன். அவள் நோர்வே மொழியில் கேட்டாள்: "அப்பா, அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" படித்துக்கொண்டிருந்தேன் என்று தமிழில் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு எழும்பிப் போனாள்.

நேற்று மத்தியானம் ரொஷானி வீடியோ அழைப்பு எடுத்தாள். புதுக் கல்சுவர் தோள் உயரம் வந்துவிட்டது. பின்னறையில் தூசி இல்லாமல் இருக்க ஈரச் சாக்குப் போட்டிருந்தார்கள். மூக்கில் கைலேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு ரொஷானி வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினாள். கடைசியாகப் பின் சுவரில் பாஸ் கரியால் கீறிய சதுரம். ஜன்னல் அங்கேதான் வரப்போகிறது. உளியும் சுத்தியலும் தயாராக இருந்தன. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, அந்தச் சதுரத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ்வளவு உயரத்தில வேணுமா? இன்னும் ஒரு சாண் கீழ இறக்கினா என்ன?"

நான் இங்கே கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். பின் முடுக்கின் அகலம், எதிர்வீட்டு ஓடு, காலை வெயில் வரும் பக்கம் எல்லாவற்றையும் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன்.

"அக்கா, கீழ இறக்கினா பின் முடுக்கால போற ஆக்கள் உள்ளுக்குப் பாப்பாங்க. என்னைக் கேட்டா..."

அக்கா போனின் பக்கம் திரும்பினாள்.

"உன்னட்டக் கேக்கேல்லடா. நான் பாஸிட்டக் கேக்கிறன்."

திரைக்கு வெளியே பாஸ் சிரிப்பது கேட்டது. பிறகு கரி சுவரில் உரசுகிற சத்தம்.